மவுஸ் தொடாத அண்ணன்

கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில் எல்லாம் ஒரு லினக்ஸ் அண்ணன் இருப்பார். லேப்டாப் மூடி முழுக்க ஸ்டிக்கர். திரை முழுக்கக் கறுப்பு, அதில் பச்சை எழுத்து. மேஜையில் மவுஸ் ஒன்றும் இருக்கும், காகிதம் பறக்காமலிருக்க. நாம் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் கை மவுஸ் பக்கம் நகரும்போதே முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு கேட்கும்.

“எதுக்கு தம்பி கை இவ்வளவு தூரம் போகுது?”

பதில் சொன்னால் மாட்டிக்கொண்டோம். அடுத்த கேள்வி, “எந்த டிஸ்ட்ரோ?” கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ‘தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று விசாரிப்பாரே, அதே தொனி, அதே உள்நோக்கம். உபுண்டு என்றால் பரிதாபமாக ஒரு சிரிப்பு. மின்ட் என்றால், “ம், ஆரம்பத்துக்குப் பரவாயில்ல.” ஆர்ச் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் பஸ் பிடிக்கிறவர்கள் ஆர்ச் என்று சொல்லக் கூடாது.

அண்ணன் சொல்வதெல்லாம் உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்து தொலைப்பதுதான் இதிலுள்ள கொடுமை. காலையில் அடித்த ஒரு நீளமான கட்டளையைத் தேடி நாம் மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருப்போம். பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். முப்பதைத் தாண்டியதும்தான் வாயைத் திறப்பார். “கன்ட்ரோல் ஆர் அடி. ஞாபகம் இருக்கற நாலு எழுத்தை அடி.” கட்டளை வந்து நிற்கும். “இது இல்லையா? மறுபடி கன்ட்ரோல் ஆர்.” அதற்கு முந்தையது வரும். வரியின் தொடக்கத்துக்குப் போகக் கன்ட்ரோல் ஏ, கடைசிக்குக் கன்ட்ரோல் ஈ, கர்சருக்கு முன்னால் இருப்பதையெல்லாம் அழிக்கக் கன்ட்ரோல் யூ. போன டைரக்டரிக்கே திரும்ப சிடி போட்டு, இடைவெளி விட்டு, ஒரு மைனஸ். சூடோ போட மறந்து திட்டு வாங்கினால் முழுசையும் மறுபடி அடிக்க வேண்டாம்: சூடோ, இடைவெளி, இரண்டு ஆச்சரியக்குறி. இதையெல்லாம் முதல் தட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், “பட்டாத்தான் தம்பி நிக்கும்” என்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்தேன். டெர்மினலில் லாக் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் சேமித்துப் பழகிய விரல் தானாகக் கன்ட்ரோல் எஸ் அடித்துவிட்டது. திரை அப்படியே நின்றது. என்டர் அடித்தாள், எஸ்கேப் அடித்தாள், கடைசியில் மேஜையையே அடித்தாள். அண்ணன் வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஏம்மா, கன்ட்ரோல் எஸ் அடிச்சியா?”

“ஆமா சார். ஹேங் ஆயிடுச்சு.”

“ஹேங் ஆகல. நீ நிக்கச் சொன்ன, அது நிக்குது.”

பிறகு டெலிடைப் காலத்திலிருந்து தொடங்கினார். எழுத்து வேகமாக வரும்போது ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல ஒரு சங்கேதம், ‘சரி, வா’ என்று சொல்ல இன்னொன்று. அந்தப் பழைய ஏற்பாடு இன்றைய டெர்மினலிலும் உயிரோடு இருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சுண்டு விரலால் கன்ட்ரோலையும் இன்னொரு விரலால் கியூவையும் தொட்டார். தேங்கி நின்ற லாக் மொத்தமும் கடகடவென்று கொட்டியது. மருந்துக்கு அரை வினாடி. முன்னுரைக்கு டீ ஆறிவிட்டது.

அழிப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அண்ணனின் குரல் இறங்கும். ஆர்எம் போட்டுப் போனது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். ஆர்எம்முடன் மைனஸ் ஆர் சேர்த்திருக்கும்போது ஃபோல்டர் பெயருக்கும் ஸ்டாருக்கும் நடுவே தெரியாத்தனமாக ஓர் இடைவெளி விழுந்தால் அந்த ஃபோல்டரும் போகும், நாம் நிற்கும் இடத்தில் உள்ளவையும் போகும். ஆகவே முதலில் அதே வரியை எல்எஸ் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எவையெல்லாம் பட்டியலில் வருகின்றனவோ அவைதான் சாகப் போகின்றன. திருப்தியானால் எல்எஸ்ஸை எடுத்துவிட்டு ஆர்எம். அதேபோல, ஒரு கோப்பின் கடைசியில் எதையாவது சேர்க்க நினைத்து இரண்டு ‘அதைவிடப் பெரிது’ குறிக்குப் பதில் ஒன்றை மட்டும் போட்டால், பழையது முழுக்கக் காலி. இந்தப் பாடத்தில் முன்னுரையும் கிடையாது, சரித்திரமும் கிடையாது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அண்ணனின் குலதெய்வம் விம். பில் ஜாய் 1976 வாக்கில் எழுதிய விஐ எடிட்டரின் வாரிசு. பிராம் மூலினார் 1991-இல் வெளியிட்டு, 2023-இல் இறக்கும்வரை கட்டிக் காத்தது. அம்புக்குறிகள் இருக்க எதற்கு எச், ஜே, கே, எல் என்று கேட்டுவிடாதீர்கள். பில் ஜாய் தட்டிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நாலு எழுத்துகளின் மேல்தான் அம்பு அச்சிட்டிருந்தது என்பதில் ஆரம்பிப்பார். அந்த டெர்மினலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்போலப் பேசுவார்.

வீட்டு மளிகைப் பட்டியலும் விம்மில்தான். ஒருநாள் அண்ணி அதைத் திறந்து ‘துவரம் பருப்பு’ என்று அடிக்கப் போக, கர்சர் எங்கெங்கோ குதித்து, இருந்த உளுத்தம் பருப்பும் காணாமல் போனது.

“என்னங்க, இதுலேருந்து எப்படி வெளிய வர்றது?”

“எஸ்கேப் அடி. அப்புறம் கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர்.”

“ஆச்சரியக்குறி எதுக்கு?”

“சேமிக்காமப் போறேன்னு அடிச்சுச் சொல்றதுக்கு.”

அண்ணி பவர் பட்டனை அழுத்திப் பிடித்து வெளியே வந்தார். மறுநாள் கோப்பைத் திறந்ததும், ஸ்வாப் கோப்பு ஒன்று மிச்சம் கிடக்கிறது, மீட்கவா அழிக்கவா என்று விம் கேட்டது. “பாரு, நீ தப்பு பண்ணியும் அது உனக்காக எடுத்து வச்சிருக்கு” என்று அண்ணன் உருகினார். அண்ணி அதற்குள் பட்டியலைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி முடித்திருந்தார். நியாயமாகச் சொன்னால், கோப்பு எதுவும் இல்லாமல் விம்மைத் திறந்தால் வெளியேறும் வழி முகப்பிலேயே எழுதியிருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது மறைந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த மனிதரை மடக்கியவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார். எழுத்துகளை எண்ணும் டபிள்யூசி கட்டளையை அவரிடம் காட்டப் போனார் அண்ணன். எக்கோ போட்டு ‘தமிழ்’ என்று அடித்து, டபிள்யூசியை மைனஸ் சி போட்டு எண்ணச் சொன்னார். 16 என்றது.

“மூணு எழுத்துக்குப் பதினாறா மாப்பிள்ளை?”

“கடைசில ஒரு புது வரி சேர்ந்திருக்கு மாமா. அது கண்ணுக்குத் தெரியாது.” எக்கோவுக்குப் பக்கத்தில் மைனஸ் என் சேர்த்தார். 15.

“இது பைட் கணக்கு மாமா. யூடிஎஃப்-8ல நம்ம குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்.” மைனஸ் சியை மைனஸ் எம் ஆக்கினார். 5.

“அஞ்சு எப்படி?”

“த, ம, அப்புறம் அந்தக் கொக்கி, ழ, அப்புறம் புள்ளி.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினாறு, பதினஞ்சு, அஞ்சு. படியுது. இன்னும் ரெண்டு குறைக்கச் சொல்லுங்க, முடிச்சிடலாம்.”

அண்ணனுக்கும் ரகசியங்கள் உண்டு. எழுத்தின்மேல் மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, நடு பட்டனை அமுக்கினாலே ஒட்டிக்கொள்ளும் வசதி லினக்ஸில் பழங்காலத்திலிருந்து இருக்கிறது. யாரும் பார்க்காதபோது காகிதங்களின் மேலிருந்து மவுஸை எடுத்து அதைச் செய்வார். அவருடைய விம்ஆர்சி கோப்பில் பாதி வரிகள் எதற்கென்று அவருக்கே தெரியாது. எடுத்தால் ஏதாவது உடையும் என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் பக்கத்து சீட்டுக்கு ஓர் ஈமேக்ஸ்காரர் வந்து சேர்ந்தார். முதல் நாளே, ஒரு கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு போர்ட் எண்ணை மாற்ற வேண்டிய பையன் ஒருவன் இருவருக்கும் நடுவே நின்று, “எந்த எடிட்டர்ல திறக்கறது?” என்று கேட்டுத் தொலைத்தான். விம்மில் விரல் நகராது என்றார் இவர். ஈமேக்ஸில் மெயிலே படிக்கலாம் என்றார் அவர். பேச்சில் ஈமேக்ஸின் ஸ்டால்மன் வந்தார், பில் ஜாய் வந்தார். வெள்ளைப் பலகையில் படம் வரைந்தார்கள். மார்க்கர் தீர்ந்து, இன்னொன்று எடுக்க அண்ணன் திரும்பியபோது பையன் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க தம்பி கிளம்பிட்ட? எதுல திறக்கறதுன்னு இன்னும் முடிவாகலையே?”

“மாத்திட்டேண்ணே. நானோல. எப்படி வெளிய வர்றதுன்னு கீழயே எழுதியிருந்துச்சு.”