இருபத்தோராவது துரை

1936 பிப்ரவரி 17 அன்று லீ ஃபால்க் என்ற அமெரிக்கர், செய்தித்தாளின் படக்கதைப் பகுதியில் வேதாளனை இறக்கிவிட்டார். இப்படி ஒரு கற்பனை இதுவரை வந்ததில்லை என்று அமெரிக்காக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அதே நாள் விடியற்காலையில் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டக் கிளம்பிய யாரிடமாவது அந்தப் படத்தைக் காட்டியிருந்தால், "இதுல என்னய்யா புதுசு? நம்ம தொரைதான். உடுப்பை மட்டும் மாத்திட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, காண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருப்பார்.

கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1536இல் கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்க, வெள்ளைக்காரர் ஒருவர் மட்டும் உயிரோடு கரை ஒதுங்குகிறார். அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறார். காட்டுவாசிகள் அவருக்குக் குகை, சிம்மாசனம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். என்ன கூலிக்கு என்று கதையில் எங்கும் இல்லை. அவர் செத்தால் மகன், மகன் செத்தால் பேரன். அதே முகமூடி, அதே மண்டையோட்டு மோதிரம். இப்போது பதவியில் இருப்பது இருபத்தோராவது ஆள். இந்த ரகசியம் அந்தக் காட்டின் பண்டார் குள்ளர்களுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களைப் பொறுத்தவரை நானூறு வருஷமாக ஒரே ஆசாமி சாகாமல் குதிரையில் திரிகிறார்.

தோட்டத்திலும் இதே கதைதான். துரை லீவு போட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுவார். சில மாதம் கழித்து வந்து இறங்குகிறவர் வேறு ஆள். ஆனால் அதே காக்கி அரைக்கால் சட்டை, அதே தொப்பி, பின்னாலேயே ஓடிவர ஒரு நாய். லயத்துத் திண்ணையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் துரை போகவும் இல்லை, சாகவும் இல்லை. ஆள் மாறிய விஷயம் பெரிய கிராணிக்கும் பங்களாக் குசினிக்காரருக்கும் தெரியும். அவர்கள்தான் நம்மூர்ப் பண்டார்கள். வேதாளனுக்கு இல்லாத ஒரு கஷ்டம் துரைக்கு உண்டு: தமிழ்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறினார்கள். தொழிலாளியை வா, போ என்று ஒருமையில் விரட்டுவதில் ஒரு இலக்கணப் பிழையும் வராத அளவுக்குத் தேறினார்கள்.

வேதாளன் வாழ்ந்த நாடு எங்கே இருக்கிறது என்பதில் ஃபால்க்குக்கே குழப்பம். முதலில் ஆசியக் கடலோரம் எங்கேயோ வைத்தார். பிறகு, அறுபதுகளில், மொத்தக் காட்டையும் குகையையும் குள்ளர்களையும் தூக்கி ஆப்பிரிக்காவில் வைத்துவிட்டார். தோட்டத்தை விற்றால் ஆட்களும் சேர்ந்து கைமாறுகிற வழக்கம் இங்கே இருந்ததால், எங்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் அவர் பேராக் பக்கம் ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம். தேவையான சாமான் எல்லாம் இங்கே தயாராக இருந்தது.

பேராக் சுல்தானகம் தொடங்கியது 1528இல், வேதாளனின் சத்தியத்துக்கு எட்டு வருஷம் முன்னால். கொள்ளையருக்கு மலாக்கா நீரிணை. அவர்களை ஒழிக்கத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே ஆங்கிலேயர் 1874இல் பங்கோரில் ஒப்பந்தம் போட்டு உள்ளே நுழைந்தார்கள். குகைக்குக் கோப்பெங் பக்கம் குவா தெம்புருங். உள்ளே நின்று அண்ணாந்தால் கூரை கவிழ்த்துவைத்த கொட்டாங்குச்சி மாதிரி இருக்கும், பேரும் அதனால் வந்ததுதான். மண்டையோடு வேண்டுமென்றால் கொட்டாங்குச்சியில் இரண்டு கண் வரைந்துகொள்ள வேண்டியதுதானே. பண்டார்களின் விஷ அம்புக்குக்கூட இங்கே சரக்கு இருந்தது. ஐப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ஓர் ஐப்போ மரம் நிற்கிறது. அதன் பாலைத்தான் இந்த மண்ணின் பழங்குடிகளான ஒராங் அஸ்லிகள் ஊதுகுழல் அம்பில் தடவினார்கள். ஊருக்கே அந்த மரத்தின் பெயர். விஷத்தின் பேரை வைத்துக்கொண்டு வெள்ளைக் காப்பிக்கும் தவுகே கோழிக்கும் புகழ்பெற்ற ஊர் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

கொள்ளையர் விஷயத்தில் மட்டும் ஃபால்க் பேராக்காரர்களிடம் வாங்கிக் கட்டியிருப்பார். அவர் கதையில் கொள்ளைக் கூட்டத்தின் பெயர் சிங் சகோதரர்கள். பேராக்கில் நடந்ததோ தலைகீழ். 1873இல் லாருட் கலவரத்தை அடக்க ஸ்பீடி என்ற கேப்டன் பஞ்சாப் பக்கம் போய் ஆள் திரட்டிவந்தார். அந்தப் படைதான் வளர்ந்து முதலாம் பேராக் சீக்கியப் படையானது. ஆக, கொள்ளையைப் பிடிக்கவந்த சிங்குகளைக் கொள்ளைக்காரர்களாக்கிய பெருமை ஃபால்க்குடையது. பம்பாயில் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ்காரர்கள் உஷாரானவர்கள். சிங் என்பதைச் சிங்கா ஆக்கினார்கள். இருபத்தோராவது ஆளின் அப்பாவைக் கொன்ற ராமா என்பவனை ராமாலு ஆக்கினார்கள். நாட்டின் பெயரையும் டெங்காலி என்று மாற்றினார்கள். இத்தனை பேரின் மனம் புண்படாமல் பார்த்துக்கொண்டவர்கள், காட்டுக்கு ஏன் வெள்ளைக்காரத் துரை என்று மட்டும் கேட்கவில்லை.

உடுப்பு விஷயம் தனி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறுக்கிப் பிடித்த துணியில் ஒரு மனுஷன் கிந்தாப் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் ஒரு பகல் தாங்குவானா? வேனல்கட்டி வந்தே இருபத்தோரு தலைமுறையும் முடிந்திருக்கும். மழைக்காட்டு அட்டைகளுக்கு மண்டையோட்டு மோதிரத்தைக் கண்டு பயம் கிடையாது. எங்கள் பாட்டிமார் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் கட்டிக்கொண்டு, கொசுவுக்கு இடுப்பில் புகையும் கந்தலைச் செருகிக்கொண்டு மரம் வெட்டினார்கள். அதைவிடப் பொருத்தமான சூப்பர் ஹீரோ உடுப்பை நான் எந்தக் காமிக்ஸிலும் பார்க்கவில்லை.

பேட்மேன் ஆசை வந்த ஒருவரும் பேராக்கில் இருந்தார், பேட்மேன் பிறப்பதற்கு 24 வருஷம் முன்பே. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், 20 வயதில் மலாயா வந்தவர். ரப்பரில் காசு பார்த்தபின், 1915இல் பத்து காஜா அருகே மாளிகை ஒன்று கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் மெட்ராஸிலிருந்து, கட்டுகிற ஆட்களும் அங்கிருந்தே. மின்தூக்கிக்கு இடம், நிலத்துக்கடியில் சுரங்கவழி. வௌவாலும் பிற்பாடு தானாக வந்துசேர்ந்தது. பாதி வேலையில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவித் தொழிலாளிகள் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள், மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் ஆத்தா அடங்குவாள் என்றார்கள். துரை மறு பேச்சு பேசாமல் கட்டிக்கொடுத்தார். நம் ஆட்களுக்குக் கைமாறு செய்யாமல் தூக்கம் வருமா? கோயில் கூரையில் சாமிகளின் வரிசையில், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவருக்கும் ஒரு சிலை வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க ரசிகன் தன் நாயகனின் பொம்மையைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வான். பேராக் ரசிகர் மன்றம் பொம்மையைக் கோயில் மேலேயே ஏற்றிவிட்டது. சாமிகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் தொப்பிக்கும் ஒரு கோட்டிங் உண்டு. துரையோ 1926இல் லிஸ்பனில் நிமோனியா வந்து போய்ச்சேர்ந்தார். மாளிகை அப்படியே நின்றது. மனைவி எல்லாவற்றையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மறுபடி ஒரு துரை, அதே தொப்பி.

முகமூடி, ரகசிய அறை, எதிரியின் மூக்கடியில் ரேடியோ, இவற்றையெல்லாம் நிஜமாகவே கையாண்டவர் பேராக்கில் ஒரு பெண். சிபில் கார்த்திகேசு, மருத்துவத் தாதி, கணவர் இலங்கைத் தமிழ் டாக்டர். ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற சின்ன ஊரில், மாடிப்படிக்கடியில் ரேடியோவை ஒளித்துவைத்து பி.பி.சி. கேட்டார். ரேடியோவுக்கு ஜோசபின் என்று பட்டப்பெயர் வைத்து, காயம்பட்டு வந்த காட்டுப் போராளிகளுக்கு வைத்தியமும் பார்த்தார். பிடிபட்டார். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அவரை என்ன செய்தது என்பதைக் கேலி கலந்து எழுத எனக்கு மனமில்லை. யாரையும் காட்டிக்கொடுக்காதவருக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது; 1948 ஜூனில் இறந்தார். சிவகாசியிலோ சென்னையிலோ ஒரு காமிக்ஸ் ஆசிரியருக்கு இந்தக் கதை கிடைத்திருந்தால், வெளிநாட்டுக் காமிக்ஸ் நாயகி மாடஸ்தி பிளைஸியை அழைக்கவே தேவைப்பட்டிருக்காது.

அதே ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வேலைக்குப் போகிறவரின் தூக்குச்சட்டிகூடச் சோதனைக்குள்ளானது. அடையாள அட்டை வந்ததும் அப்போதுதான். வேதாளன் அந்த வருஷம் பார்த்து பேராக்கில் குதிரையில் வந்திருந்தால், முதல் ரோட் பிளாக்கிலேயே மாட்டியிருப்பான். "ஐ.சி. எங்கே?" இல்லை. "வயசு?" சத்தியம் செய்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 412. "முகமூடியைக் கழட்டு." முடியாது, அவன் முகத்தைப் பார்ப்பவன் செத்துப்போவான் என்று ஐதீகம். போலீஸ்காரர் ஐதீகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாரா? நேரே லாரியில் ஏற்றியிருப்பார்.

வேதாளனுடைய காட்டு ரோந்துப் படையைப் போல ஒன்று இங்கே ஏற்கெனவே இருந்தது. ஐப்போவுக்குப் பக்கத்தில் ஊலு கிந்தாவில் போலீஸ் வனப்படைக்கு முகாம். 1956இல் ஒராங் அஸ்லிகளைக் கொண்டே செனோய் பிராக் என்ற படைப்பிரிவும் உருவானது. காட்டில் ஒடிந்த சுள்ளியைப் பார்த்தே எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள். கதையில் குள்ளர்கள் துரைக்குக் காவல் நிற்பார்கள், துரை ஜெயிப்பார். இங்கே அவர்களே முன்னால் நடந்து வழி காட்டினார்கள், பின்னால் வந்த துரைக்கு அட்டை கடித்தது.

இனி வேடிக்கையான கட்டம். துரைமார் மூட்டை கட்டத் தொடங்கிய நேரத்தில்தான் வேதாளன் தமிழ் பேசிக்கொண்டு மலேசியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினான். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்த காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் அமைச்சராக இருந்துகொண்டே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியும் விட்டார்கள். நானூறு வருஷம் காட்டை ஆண்ட வேதாளன் பண்டார்களின் தலைவன் குரனுக்கு அரை ஏக்கர் எழுதிக் கொடுத்ததாக எந்த இதழிலும் இல்லை, நான் தேடிப் பார்த்தாகிவிட்டது. அப்புறம் 1981 செப்டம்பர் 7 காலையில், லண்டன் பங்குச் சந்தையில் மலேசியாவின் பெர்மோடாலான் நாசியோனல் நிறுவனம் சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியை வளைத்துப்போட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் முகமூடி கைமாறியது. குண்டு இல்லை, குதிரை இல்லை, ஓர் ஓவியருக்கு வரைய ஒன்றுமே இல்லாத கிளைமாக்ஸ். லயத்தில் அன்றும் ஆறு மணிக்குப் பெரட்டு.

வாசகர்கள் விஷயத்துக்கு வருவோம். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும், சென்னையில் 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் பிறந்தன. தோட்டத்துக்குள் வந்த ஒரு பிரதி முதல் லயத்தில் கிளம்பி, கடைசி லயத்துக்குப் போய்ச் சேரும்போது அட்டை இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. கடைசிப் பக்கம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அந்த வாரம் முழுவதும் ஐஸ் கட்டி வாங்கிக்கொடுக்க வேண்டும். சேகரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கரையான், கசிகிற தகரக்கூரை, அம்மாவின் அடுப்பு என்று மூன்று வில்லன்கள். நாலாவதாக வந்தது செம்பனை. ரப்பர் மரம் விழுந்து லயங்கள் காலியானபோது, தாமானுக்குப் போகிற லாரியில் பீரோவுக்கும் அம்மிக்கும் இடம் இருந்தது, வேதாளனுக்கு இருக்கவில்லை. இன்றைக்கு ஐப்போவில் பழைய முத்து காமிக்ஸுக்காகச் சம்பளத்தில் பாதியை நீட்டத் தயாராக இருப்பவர்கள், அன்றைக்கு அதில் நிலக்கடலை கட்டிக் கொடுத்த கடைக்காரரை மன்னிக்கவே இல்லை.

இந்த ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சண்டை உறுதி. ராணி காமிக்ஸ் வேதாளனுக்கு முகமூடி வீரர் மாயாவி என்று பெயர் வைத்திருந்தது. முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. ஆக, மாயாவி இரண்டு. எந்த மாயாவி பெரியவன்? தாமான் காப்பிக் கடையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் இதை இன்னும் முடித்தபாடில்லை. தோட்டத்து ஓட்டு எப்போதும் இரும்புக்கைக்குத்தான். பிரிட்டிஷ் வாராந்தரி ஒன்றில் 1962இல் பிறந்த அவன், பெயர் லூயி கிராண்டேல், ஒரு விஞ்ஞானியிடம் உதவியாளாக வேலை பார்த்தவன். வேலை செய்யும் இடத்தில் விபத்து, ஒரு கை போய்விட்டது. நஷ்டஈடு கிடைத்த மாதிரித் தெரியவில்லை, இரும்பில் ஒரு கை கிடைத்தது. ஷீட் அடிக்கிற ரோலரில் விரலைக் கொடுத்தவர்கள் இருந்த இடத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவன் முதலில் கெட்டவனாகத்தான் திரிந்தான் என்பதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஒரே சிக்கல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் அவனால் மாயமாக முடியும். லயத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஊரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் பெரிய கிராணி வீட்டு வாசலில் போய் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, ஒரு பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினைப் போடச் சொல்லுங்கய்யா, ஒரு ஷாக் அடிச்சுக்கிட்டுப் போயிடுறேன்" என்று கேட்க வேண்டியிருக்கும். கிராணி தொரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார்.