ஆம்பூரில் இறங்குவோர் கவனத்துக்கு

பெறுநர்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் கணித்து அறிவிக்கும் உயரதிகாரி அவர்கள்.
பொருள்: சென்னை–பெங்களூரு ஒரே மணி நேரம் என்று அறிவித்தமைக்கு நன்றி – தொடர்பாக.

ஐயா,

மீனம்பாக்கத்துக்கும் தேவனஹள்ளிக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 270 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்கிறீர்கள். கணக்கில் பிழையே கிடையாது. அந்த ஒரு மணியிலும் பறப்பது முக்கால் மணிக்குள்தான். மிச்சம், தாமதமாகக் கிளம்பினாலும் "சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமைப்பட்டுக்கொள்ள வைத்த கையிருப்பு. முகூர்த்தத்தை ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்று பத்திரிகையில் போடுகிற முன்யோசனை.

சங்கடம் என்னவென்றால், ஓடுபாதையில் குடியிருப்பது விமானங்கள் மட்டும்தான்.

பெரம்பூர்க்காரர் ஒருவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் காலை பத்து மணிக்கு மீட்டிங். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் ஏழு மணி விமானத்துக்கு விடியுமுன்பே டாக்ஸி. வாசலில் ஆதார் காட்டி, பெல்ட்டைக் கழற்றி டிரேயில் போட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி இன்னொரு கையால் லேப்டாப்பைப் பையிலிருந்து உருவி, ஒருவழியாக ஏறுகிறார். விமானம் அவரை ஊருக்கு வடக்கே, திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியில் இறக்குகிறது. 2-ஆம் முனையத்தில் மூங்கில் கூரை, தொங்கும் செடிகள். கண்ணுக்குக் குளிர்ச்சி, குறை சொல்லக் கூடாது. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டி இருப்பது தெற்கு ஓரத்தில். ஹெப்பாள் மேம்பாலத்தில் ஊர்ந்து, பெங்களூரு முழுவதையும் தாண்டி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

முந்தின ராத்திரி பஸ் ஏறிய அவருடைய சக ஊழியர் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டியதும் ஊருக்குள் நுழையாமலே எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, "எங்கப்பா இருக்கே?" என்று போன் போடுகிறார்.

முன்பு ஊருக்குள்ளேயே எச்.ஏ.எல். விமான நிலையம் இருந்தது. 2008-இல் தேவனஹள்ளி திறந்ததும் எச்.ஏ.எல்.லில் பயணிகள் விமானச் சேவையை நிறுத்தினார்கள். தேவனஹள்ளியைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 25 வருஷத்துக்குப் போட்டி வரக்கூடாது, மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு என்று ஒப்பந்தமும் போட்டாயிற்று.

இப்போது சென்னைக்கும் புது விமான நிலையம் பரந்தூரில், நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே. வேண்டாம் என்று அந்தப் பக்கத்து ஏகனாபுரம் கிராமத்து ஜனங்கள் 2022-இலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது தங்கள் காதில் விழுந்திருக்காது, விமான இரைச்சல். ஓசூரிலும் ஒன்று வரும் என்று 2024-இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இரண்டும் வந்துவிட்டால் 270 கிலோமீட்டர் சுமார் 200-க்கு இறங்கிவிடும். பயணிக்கு ஒன்றும் குறையாது, அறிவிப்பில் குறையும்.

ஆகவே பணிவான விண்ணப்பம்: இதே திசையில் நிற்காமல் போகவும். பரந்தூரைக் கிழக்கிலிருந்தும் ஓசூரை மேற்கிலிருந்தும் தள்ளிக்கொண்டே வந்தால் இரண்டும் ஆம்பூர் பக்கம் முட்டிக்கொள்ளும். தூரம் பூஜ்யம், நேரம் பூஜ்யம், தாமதத்துக்கு வழியே இல்லை. சென்னைக்காரர் டாக்ஸியில் வந்து இறங்குவார், பெல்ட்டைக் கழற்றி மாட்டுவார், மறுபக்க வாசலில் பெங்களூரு டாக்ஸி பிடிப்பார். கையிருப்பாக வைத்த நேரத்தில் ஒரு பிளேட் பிரியாணி.

பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தை மட்டும் வழக்கம்போல டிக்கெட்டிலேயே பிடித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நடு சீட்டுக்காரன்