மெய்யெழுத்து போடும் பூட்டு

கேள்வி: தமிழில் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பது ஆங்கிலத்தைவிடச் சிரமமா?

பதில்: சந்தேகமே வேண்டாம்! அங்கே 26 எழுத்து, நமக்கு 247. இடமிருந்து வலமாக 'மரம்' என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் 'ம்' சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லையும் தொடங்க முடியாது. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது என்பது தொல்காப்பியர் காலத்துப் பூட்டு. அதற்குச் சாவி, நம் பத்திரிகைப் புதிர்களில் வருகிற 'கீழிருந்து மேல்'. கீழே தொடங்கும் 'பழம்' மேலேறி வந்து அதே 'ம்'மில் முடிந்துவிடும். கட்டத்தை அரைச்சுற்று திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் மாறாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஆங்கில மரபு. இங்கே அதையும் கேட்டால் புதிர் போடுகிறவர் பாவம். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு நீங்களே முயன்று பாருங்கள், அவரைத் திட்டவே மாட்டீர்கள்.