குடும்பத்தோடு தைத்து மகிழ எளிய வழிகள்

வீட்டிலேயே எளிதாகத் தைக்கலாம் என்று சொல்லும் குறிப்புகளில் துணி எவ்வளவு, நூல் என்ன நிறம் என்பதெல்லாம் இருக்கும். யார் தைப்பது என்பது மட்டும் இருக்காது. 'குடும்பத்தோடு செய்து மகிழுங்கள்' என்று போட்டிருந்தால், வெட்டுவது அம்மா, தைப்பது அம்மா, கடைசியில் நூல் துணுக்குகளைப் பெருக்கி அள்ளுவதும் அம்மா, மகிழ்வது மற்றவர்கள் என்று நாமாகவே படித்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் வெகுகாலமாகச் சீரும் சிறப்புமாக நடந்துவரும் இந்த வேலைப் பங்கீட்டுக்கு எந்தக் குந்தகமும் வராதபடி இந்த வழிகாட்டி தயாரிக்கப்பட்டிருக்கிறது. இதில் உள்ள அளவுகளை நம்பித் துணியை வெட்டலாம். மற்றதற்கு அவரவர் வீட்டு நிலவரமே பொறுப்பு.

படி 1: மிஷினைக் கண்டெடுத்தல்

தையல் மிஷின் வீட்டில்தான் இருக்கிறது. இஸ்திரி போட்ட துணி, கரண்ட் பில், போன வருடத்து காலண்டர், யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் அடியில் தென்படும். கறுப்பு உடம்பில் பொன்னிற எழுத்து பாதி அழிந்திருக்கும். கீழே இருக்கும் இரும்பு மிதிப்பலகை இதுவரை சின்னவனுக்குப் பேருந்தாக ஓடிக்கொண்டிருந்தது. அவனைக் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடவும்.

எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் ஓட்டவும். பிறகு பழந்துணி ஒன்றில் நாலு வரி அடித்துப் பார்க்கவும்; இல்லாவிட்டால் எண்ணெய்க் கறை முழுவதும் புதுத்துணியில் போய் உட்காரும். மிதியை அழுத்துமுன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்து அடியில் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் அப்பாவின் பங்கு முக்கியமானது. பெல்ட்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "லூசா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடலாம்.

படி 2: சாமான் சேகரித்தல்

ஊசி, நூல், பொத்தான் எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கும். பிஸ்கட் இருக்கும் என்று நம்பி அதைத் திறந்து ஏமாறாத பிள்ளை நாட்டில் கிடையாது.

ஊசி வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்கவும். கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் எண் கூடக் கூடத் தடிக்கும். இதை இப்படி வைத்தவர்கள் யாராக இருந்தாலும் கடைக்கு அனுப்பப்படும் கணவன்மார்களிடம் அவர்களுக்குத் தீராத பகை இருந்திருக்க வேண்டும். மெல்லிய ரவிக்கைத் துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, காடா மாதிரித் தடித்த துணிக்கு 16 என்று உள்ளங்கையில் எழுதி அனுப்பினால் பாதி வீடுகளில் சரியான ஊசி வந்துசேரும்.

ஊசிக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் 1949-ல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை நம் ஊருடையதுதான். அதன் பங்குதாரர்களுக்குள் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-ல் வந்த தீர்ப்பு கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்குப் பாடமாகிவிட்டது. ஆகவே, ஊசிமுனையளவு விஷயத்துக்கு ஏன் சண்டை என்று இனி வீட்டில் யாரும் கேட்க முடியாது.

கத்தரிக்கோல் இரண்டு வேண்டும், ஒன்று துணிக்கு, மற்றது காகிதத்துக்கு. துணிக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். அதை எவ்வளவு உயரத்தில் ஒளித்துவைத்தாலும், பெரியவன் நாற்காலி போட்டு எடுத்து சார்ட் பேப்பர் வெட்டியே தீருவான். கேட்டால், "அதுதான்மா நல்லா வெட்டுது" என்பான். அவன் சொல்வது உண்மை. இனிமேல் வெட்டாது.

முதல் வேலை: மஞ்சப்பை

எளிய வேலை என்றால் பைதான். அதற்கு அரசாங்கத்தின் ஆதரவும் உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வைத்துவிட்டார்கள். பத்து ரூபாய்க்குக் கிடைப்பதை ஏன் அரை நாள் செலவழித்துத் தைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் குடும்ப மகிழ்ச்சியின் அருமை தெரியாது.

36 அங்குல அகலமுள்ள காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கவும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவும். காடா முதல் சலவையில் சுருங்கும். சுருங்குவது தைப்பதற்கு முன்பே நடந்துவிட்டால் நல்லது. 'கையோட தச்சுடு, எதுக்கு ஊறவைக்கணும்?' என்று கேட்பவரிடம் வாளியைக் கொடுத்துவிடவும். அதற்கப்புறம் கேள்வி வராது.

பை முடிந்த பிறகு 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம் இருக்க வேண்டுமானால், 15 அங்குல அகலம், 35 அங்குல நீளத்தில் ஒரே துண்டாக வெட்டவும். அடியில் மடிப்பு வந்துவிடுவதால் அங்கே தையல் இல்லை. அரிசி எடை தாங்கும். காதுக்கு 4 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகள். பட்டையின் இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இரண்டாக மடித்தால் ஒரு அங்குலப் பட்டி கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டவும்.

துணியை வெட்டுவதற்கு முன் குடும்பத்தின் கருத்தைக் கேட்பது மரபு.

"ஏங்க, பை தைக்கிறேன், எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு கை குடுங்க."

"உள்ளே ஒரு பாக்கெட் வச்சுடு. சில்லறை போட வசதி."

"அம்மா, ஜிப் வேணும்."

"எங்க காலத்துல காது இன்னும் நீளமா வப்போம். தோள்ல மாட்டிக்கிட்டு ரெண்டு கையிலயும் வேற சாமான் எடுத்துக்கலாம்."

"அத்தை, இதுவே நீளந்தான்."

"நான் என்னத்தச் சொல்லப் போறேன். உன் இஷ்டம்."

ஆளுக்கு ஒரு கை என்றால் இதுதான். இனி வெட்டலாம்.

ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டுக்குப் பிரெஞ்சுத் தையல் உகந்தது. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தைக்கவும். பிசிறை வெட்டிவிட்டு, பையை உட்புறமாகத் திருப்பி, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மறுபடி தைக்கவும். முதல் தையலின் பிசிறு இரண்டாவது தையலுக்குள் அடங்கிவிடும். நீங்கள் நல்ல பக்கம் வெளியே வைத்துத் தைப்பதைப் பார்த்துவிட்டு, "மாத்தித் தைக்கிற" என்று குடும்பமே ஒரே குரலில் சொல்லும். அந்த வீட்டில் நெடுநாளுக்குப் பிறகு ஏற்பட்ட ஒற்றுமை அது. கலைக்க வேண்டாம்.

வாய்ப் பகுதியை முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் என்று மடித்துத் தைத்து, காதைப் பொருத்தும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறியாக ஒரு தையல் போடவும். பை கிழிவது எப்போதும் இங்கேதான். இங்கே துணி ஏழு அடுக்கு சேரும். மிதியை நம்பாமல் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு தையலாகக் கடக்கவும். துணியைக் கையால் பிடித்து இழுத்தால் ஊசி வளைந்து, கீழே இருக்கும் தகட்டில் இடித்து முறியும். முறிந்த முனையைத் தேடி எடுத்த பிறகே எழுந்திருக்கவும். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

மீந்த துணியைத் தூக்கிப் போடக் கூடாது. "எதுக்காவது ஆகும்" என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் வைக்கவும். எதற்கும் ஆகாது. ஆனால் ஒரு மேல்தட்டு நிறைய இப்படி இருந்தால்தான் அது தைக்கிற வீடு.

இரண்டாம் வேலை: தலையணை உறை

17-க்கு 27 அங்குலத் தலையணைக்கு 18 அங்குல அகலம், 62 அங்குல நீளத்தில் ஒரு துண்டு போதும். இரண்டு முனைகளையும் மடித்துத் தைத்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் படியும்படி மடித்து, இரண்டு பக்கமும் அடித்துத் திருப்பினால் முடிந்தது. ஜிப் வேண்டாம், பொத்தான் வேண்டாம், நாடா வேண்டாம். யாரும் யோசனை சொல்வதற்கு இதில் இடமே இல்லாததால் வீட்டில் இதற்கு வரவேற்பு குறைவு.

மூன்றாம் வேலை: பழைய சேலையில் கால்மிதி

பருத்திச் சேலையை இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று மூன்றாகச் சடை பின்னி, சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கை ஊசியால் இணைத்துக்கொண்டே போக வேண்டும். பருத்தியில் ஓரத்தை லேசாக வெட்டிவிட்டு இழுத்தால் நேராகக் கிழியும். அந்தச் சத்தம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூப்பிடாமலே வருவார்கள்; சேலை தீர்ந்ததும் போய்விடுவார்கள்.

கடினமான பகுதி பின்னுவது அல்ல, எந்தச் சேலை என்று முடிவுசெய்வது. பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் வீட்டின் மூத்த பெண்மணி அருகில் வந்து உட்காருவார். நீலத்தில் கட்டம் போட்டது மாமா முதல் சம்பளத்தில் எடுத்தது. அரக்கு நிறம் சின்னவன் பிறந்தபோது தூளி கட்டியது. ஓட்டை விழுந்த பச்சை, தீபாவளிக்கு எடுத்து ஒரே ஒரு தரம் கட்டியது. ஓட்டை எலி போட்டது. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு மடித்து உள்ளே வைத்தால், கடைசியில் கால்மிதிக்கு மிஞ்சுவது எந்தக் கதையும் இல்லாத, கடையில் ஏதோ வாங்கியதற்கு இலவசமாக வந்த நைலக்ஸ். அது கிழியாது, வழுக்கும். ஆகவே இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கும்போது, பின்னுவதற்கு நேரம் ஒதுக்காமலிருப்பதே சிக்கனம்.

தப்பித்தவறி ஒரு பருத்திச் சேலை கிடைத்துவிட்டால், இணைக்கும் நூலை இறுக்கி இழுக்காமல் மேசைமேல் தட்டையாக வைத்துத் தைக்கவும். இறுக்கினால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகிவிடும். அப்படி ஆனால் மனம் தளராமல் அதில் வெங்காயம் போட்டு வைக்கவும்.

நான்காம் வேலை: பூப்போட்ட கைக்குட்டை

இது பெண்பிள்ளைக்கு என்று பள்ளியே தீர்மானித்து அனுப்பும். எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும்; இரண்டு இழையைப் பிரித்தெடுத்துக் கோக்க வேண்டும். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் போனால் முடிச்சு விழும். காம்புக்குக் காம்புத் தையல், இதழுக்குச் சங்கிலித் தையல், ஓரத்துக்கு ஓட்டுத் தையல். முதல் இதழ் மகள் போட்டது என்று பார்த்தாலே தெரியும். மற்ற நான்கு இதழ்களை இரவு பத்தரைக்கு மேல் யார் போட்டது என்பது டீச்சருக்கும் தெரியும். ஏனென்றால் அவர் வீட்டிலும் ஒரு கைக்குட்டை நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்தாம் வேலை: அப்பாவுக்கு ஒரு பொத்தான்

ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சிடவும். பொத்தானுக்கும் துணிக்கும் இடையில் ஒரு தீக்குச்சியை வைத்து, நான்கு துளைகளிலும் மாற்றி மாற்றித் தைக்கவும். குச்சியை உருவிவிட்டு, பொத்தானுக்கு அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடவும். குச்சி விட்ட இடைவெளி இருப்பதால்தான் காஜா சுருங்காமல் பொத்தான் படிந்து உட்காரும். ஐந்து நிமிட வேலை. பத்து வயதுப் பையன் செய்யலாம்.

அப்பா செய்யும்போது ஊசி கோக்க ஒருவர், லைட் போட ஒருவர், தீப்பெட்டி எங்கே என்று சொல்ல ஒருவர், முடிந்ததும் பார்க்க எல்லோரும் தேவைப்படும். இந்த வழிகாட்டியிலேயே உண்மையில் குடும்பத்தோடு செய்யும் வேலை இது ஒன்றுதான்.

சிக்கலும் தீர்வும்

துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாக வருகிறதா? கோளாறு மேலே, மேல்நூலின் இறுக்கம் போதவில்லை, திருகை இறுக்கவும். வீட்டார் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறதா? ஊசி வளைந்திருக்கும், அல்லது தட்டைப் பக்கம் மாறி மாட்டியிருக்கும். ஊசியை மாற்றவும்.

துணி சுருக்கம் சுருக்கமாக வருகிறதா? மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி போட்டிருக்கிறீர்கள், அல்லது நூல் இறுக்கம் அதிகம்.

தைக்க உட்கார்ந்த உடனே காலிங் பெல், குக்கர் விசில், "என் நீல சட்டை எங்கே" ஆகிய மூன்றும் ஒன்றாக வருகின்றனவா? இதற்குத் திருகு எதுவும் கிடையாது.

கடைசிப் படி: பாராட்டைப் பங்கிடுதல்

வேலை முடிந்ததும் பையை மிஷின்மேல் வைத்து ஒரு படம் எடுத்து, 'எங்கள் வீட்டுத் தயாரிப்பு' என்று உறவினர் குழுவில் போடவும். வரும் பாராட்டைக் கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு, யோசனை தன்னுடையது என்ற பெருமை. பாட்டிக்கு, காது இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் உரிமை. பிள்ளைகளுக்கு, பள்ளிக் கைவேலை நோட்டில் கையெழுத்து. அம்மாவுக்கு, "எங்களுக்கும் ரெண்டு தச்சுக் குடேன், சும்மாத்தானே இருக்கே" என்று சித்தி, அத்தை, நாத்தனார் மூவரிடமிருந்தும் ஆர்டர்.