பெப்சிக்கு முன்னால் ஒரு பொட்டலம்

பம்பாய் மாட்டுங்காவில் எந்த மாமாவைக் கேட்டாலும் இந்திரா நூயி புராணத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். தி. நகரில் பால காண்டம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம், கல்கத்தா ஐ.ஐ.எம்., யேல், கடைசியில் பெப்சிகோவில் பட்டாபிஷேகம். பதவி உயர்வுச் செய்தியோடு வீட்டுக்கு வந்தவரை அம்மா பால் வாங்கிவர அனுப்பிய கிளைக்கதையில் மாமாவின் குரல் தழுதழுக்கும். பம்பாய்க் காண்டம் வரும்போது மட்டும் அவருக்குக் காபி ஆறிவிடும்.

"இங்கே என்ன மாமா பண்ணினா?"

"ஜான்சன் அண்ட் ஜான்சன்ல... ஏதோ மார்க்கெட்டிங்."

அந்த 'ஏதோ'வுக்குப் பெயர் ஸ்டேஃப்ரீ. சானிட்டரி நாப்கின்.

எழுபதுகளின் பிற்பகுதி. நாட்டில் பாதிப் பேருக்கு மாதாமாதம் வருவதை, மீதிப் பாதி கேள்விப்படாததுபோல் நடித்துக்கொண்டிருந்த காலம். சோப்பு விற்பவர்கள் சினிமா நடிகையைக் குளிக்கவைத்துப் படம் காட்டலாம். இருபது வயதைத் தாண்டிச் சில வருஷமே ஆன இந்தப் பெண்ணுக்கோ விளம்பரமே கிடையாது. எதற்கு என்று சொல்லாமலே ஒரு பொருளை விற்றுக் காட்ட வேண்டும். அம்மணி அசரவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி என்று படியேறி, மாணவிகளிடமே நேராகப் பேசினார். வெட்கப்படுகிற வேலையை நாட்டிடமே விட்டுவிட்டார்.

1978-ல் யேலுக்குக் கப்பல் ஏறாத குறையாகக் கிளம்பினார். கல்யாணம் ஆகாத பெண் தனியாகச் சீமைக்குப் போவதா என்று கேட்க ஊரில் வாய்களுக்கா பஞ்சம்? அங்கே படிப்புச் செலவுக்காக ராத்திரி ஷிஃப்டில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. பிறகு பாஸ்டன் கன்சல்டிங், மோட்டரோலா, ஏ.பி.பி.; 1994-ல் பெப்சிகோ; 2006-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரி. உலகம் வியந்தது. இதில் வியக்க என்ன இருக்கிறது? பெயர் சொல்லவே கூசுகிற சரக்கை விற்றவருக்குக் கோலா எம்மாத்திரம்! அதை யாரும் செய்தித்தாளில் சுற்றி ஒளித்து வாங்குவதில்லையே.

இந்திய அரசாங்கம் மட்டும் நிதானமாக வந்துசேர்ந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. பிறந்தபோது குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை. நாப்கினுக்கு 12 சதவீதம். பெண்கள் ஒரு வருஷம் சத்தம் போட்ட பிறகு, 2018 ஜூலையில் அந்த வரியை எடுத்தார்கள். ஆகஸ்டில் நூயி பதவி விலகுவதாக அறிவித்தார்.

பம்பாயில் பாக்கி வைத்த வேலை முடியட்டும் என்றுதான் அத்தனை வருஷம் பெப்சியில் பொழுதைப் போக்கினாரோ என்னவோ!