தாவினால் தேர்ச்சி இல்லை

சிதறிய நாவலைப் பாடமாக வைக்கத் திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? சாமி பார்க்கவே வரிசையில் நிற்கிற ஊரில் இலக்கியமாவது வரிசை தப்பட்டுமே.

ஹூலியோ கொர்த்தஸாரின் 'ஹாப்ஸ்காட்ச்' (1963) நாவலில் 155 அத்தியாயங்கள். 56-ஓடு மூடி வைக்கலாம். இல்லை, 73-இல் தொடங்கித் தாவலாம். எழுதியவரே தந்த சலுகை. நம் பிள்ளைகள் இன்னும் முற்போக்கு: 155-ஐயும் ஒரே தாவாகத் தாவி, சித்தூர் பஸ்ஸில் நோட்ஸின் நடுப்பக்கத்தில் இறங்குகிறார்கள். மையம் கிடையாது, தொடர்ச்சி கிடையாது, பாதி நாள் வகுப்பே கிடையாது. பாரிஸில்கூட இவ்வளவு பின்நவீனத்துவம் சாத்தியமில்லை.

தேர்வில் 'கதைச்சுருக்கம் வரைக' என்பார்கள். நாவலை நிஜமாகவே படித்துத் தொலைத்த பெண் விடைகளையும் தாவித் தாவி எழுதுவாள். வினா எண் வரிசைப்படி இல்லை, பூஜ்யம். மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு. அதை மட்டும் துண்டு துண்டாகக் கட்ட முடியாது.