உறைந்த ஏரியில் மீன்பிடிப்பு: பொம்மனஹள்ளி நிலவரம்

உறைந்த ஏரியின் மேற்பரப்பில் துளையிட்டு, அத்துளை வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கும் வழக்கம் கனடா, பின்லாந்து, ரஷ்யா முதலிய நாடுகளுக்கு உரியது என்று பொதுவாகக் கருதப்படினும், அதன் நிலவரத்தை, அதாவது பனிப்பாளம் எத்தனை சென்டிமீட்டர் தடித்திருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது, ஆள் ஏறி நின்றால் தாங்குமா என்பன போன்ற செய்திகளை, மார்கழி பிறந்ததும் மிகுந்த அக்கறையோடு விவாதிக்கும் ஊர்களில் பெங்களூரின் ஓசூர் சாலையிலுள்ள பொம்மனஹள்ளியையும் சேர்த்தாக வேண்டும். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரி செல்சியஸ் என்பதும், அருகிலுள்ள மடிவாளா ஏரி உறைய வேண்டுமாயின் அதற்கும் கீழே இன்னொரு 8 டிகிரி இறங்க வேண்டும் என்பதும் விவாதிப்போர் அறியாதன அல்ல. கேட்பவருக்குப் போகும் எண்ணமில்லை, சொல்பவர் போய்ப் பார்த்ததில்லை. ஆயினும் நிலவரம் காலை ஆறு மணிக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. வாசகர் அனைவரும் ஏதேனும் ஓர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவரே ஆதலால் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. துளையிடும் முறை, துளையின் விட்டம், தூண்டிலை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது ஆகியன உரிய இடத்தில் விளக்கப்படும்.

நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில் உச்சத்தை அடைவதால், அவ்வெப்பநிலைக்கு வந்த நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. உறைந்த பாளம் நீரைவிட இலேசானதாகையால் மிதக்கிறது. அதன் கீழே மீன்கள் குறைந்த அசைவோடு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த பாளம் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடித்திருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வழங்கும் பொது விதி. பனித்தூவல் கலந்து வெளுத்த பாளமாயின் வலிமை ஏறத்தாழப் பாதியாகையால் தடிமன் இரு மடங்காக வேண்டும். இவ்விதியை ஒப்பிக்கத் தெரியாத குடியிருப்பாளர் பொம்மனஹள்ளியில் அரிதாகிவருகின்றனர்.

இவர்களின் விவாதத்தில் பெரும்பங்கு லடாக்கின் பாங்கோங் ஏரிக்குச் செல்கிறது. 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், இந்தியாவிலிருந்து திபெத் வரை நீண்டு கிடக்கும் அவ்வேரி, உவர்நீராக இருந்தும் குளிர்காலத்தில் முற்றும் உறைவது. 2023 பிப்ரவரி 20 அன்று அதன் மீது லுகுங்கிலிருந்து மான் என்னும் சிற்றூர் வரை 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடந்திருக்கிறது. பாளத்தின் உறுதிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் ஏரியின் இந்தியப் பகுதியில் மீன் இல்லை என்றே அங்குள்ள வழிகாட்டிகள் கூறுகின்றனர் என்னும் சிறு குறிப்பு, பாளத்தின் தடிமனைப் பற்றிய எந்த நிலவரத்திலும் இடம்பெறுவதில்லை. காஷ்மீரில் மீனும் உண்டு, குளிரும் உண்டு. டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் சில்லாய் கலான் என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில் ஸ்ரீநகரின் தால் ஏரி ஓரங்களில் உறைய, அதன்மேல் நடக்க வேண்டாம் என்று அரசு அதிகாரிகள் எச்சரிப்பதும், அந்நகரின் ஆஞ்சார் ஏரியில் மீனவர்கள் படகின் முனையில் குனிந்து, போர்வையாலும் வைக்கோலாலும் தலையை மூடி நிழல் உண்டாக்கி, அந்நிழலில் தெரியும் மீனை ஈட்டியால் குத்திப் பிடிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வன. அம்மீனவர்கள் நிலவரம் எதையும் அனுப்புவதாகத் தெரியவில்லை. 1820களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்த உதகை ஏரியோ, இன்று சுற்றுலாப் படகுகளையே தாங்கிவருகிறது. கரையிலுள்ள புல்லின் மீது உறைபனி படிவதைக் கண்டு ஏரியே உறைந்துவிட்டதாகப் படத்தோடு அறிவிப்பவர்கள் உளர்.

துளையைப் பற்றிய பகுதிக்குச் செல்லுமுன், பொம்மனஹள்ளியில் உண்மையாகவே நடைபெறும் உறைநிலை மீன்பிடிப்பைக் குறிப்பிடுவது முறை. அது ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் கடையின் தெர்மோகோல் பெட்டிகளில் நடைபெறுவது. மங்களூரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வரும் மீனுக்கு, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்னும் அளவில் ஐஸ் இடவேண்டும் என்பது வெப்பநாடுகளுக்கு வகுத்த விதி. 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ மீனைச் சுழி டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 300 கிராம் ஐஸே போதும். எஞ்சியது வழியெல்லாம் பெட்டிக்குள் புகும் வெப்பத்தை ஈடுகட்டிக் கரைந்து தீர வேண்டியது. தீர வேண்டியது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அது தீருவதில்லை. அதன் கணிசமான பகுதி மீனின் செவுளுக்குள்ளும், வயிற்றின் மடிப்பிலும், துடுப்பின் அடியிலும் ஒளிந்து, நிறுவைத் தட்டை அடையும் வரை உயிர் பிழைத்திருக்கிறது.

மின்னணுத் தராசில் தட்டின் எடையைக் கழித்து எண்ணைச் சுழியாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதனைக் கடைக்காரர் வெறுந்தட்டு இருக்கும்போது பெருந்தன்மையோடு அழுத்திக் காட்டுகிறார். ஐஸுக்கு அத்தகைய பொத்தான் இல்லை. வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் ஒட்டியிருக்கும் 50 கிராம் ஐஸின் விலை 50 ரூபாய். இதே 50 கிராம், கிலோ 200 ரூபாய் மத்தியின்மேல் கிடந்திருந்தால் 10 ரூபாய். ஒரே தொழிற்சாலையில், ஒரே தண்ணீரில் உறைந்து, ஒரே சாக்கில் நொறுங்கி வந்த ஐஸ், எந்த மீனோடு படுத்தெழுந்தது என்பதைப் பொறுத்துத் தகுதி பெறுகிறது; வாவலோடு இருந்தது வாவலாகிறது, இறாலோடு இருந்தது இறாலாகிறது, நெத்திலியோடு இருந்ததற்கு மட்டும் முன்னேற்றம் இல்லை. உறையவைத்த இறாலை ஏற்றுமதி செய்வோர், அதன்மேல் காப்பாகப் பூசப்படும் பனிப்பூச்சை நீக்கிய எடையையே நிகர எடையாகக் காட்ட வேண்டும் என்று பன்னாட்டு உணவுத் தரநெறியான கோடெக்ஸ் விதித்திருக்கிறது. ஆகவே அதனை இறக்குமதி செய்யும் ஜப்பானியர் இறாலுக்கு மட்டும் பணம் கொடுக்கின்றனர். பொம்மனஹள்ளிவாசி தண்ணீரையும் வஞ்சிர விலைக்கு வாங்கி, அது வீடு சேருமுன் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சொட்டித் தீர்வதைப் பார்த்துக்கொண்டே செல்கிறார்.

இதில் இக்கட்டுரையாசிரியரைச் சென்ற ஞாயிறன்று சினங்கொள்ளச் செய்தது, அன்று காலையில்தான் பாங்கோங்கின் வெண்பாளத்துக்கும் தெளிபாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீண்ட குறிப்பாக அனுப்பியிருந்த குடியிருப்பாளர் ஒருவர், வரிசையில் முன்னே நின்று, செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, கண்ணின் தெளிவைப் பார்த்து, சதையை விரலால் அமுக்கி அது மீண்டெழுவதையும் பார்த்துவிட்டு, மீனின் மேலே கிடந்த கைப்பிடி ஐஸைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் பணம் செலுத்தியதே. அதன் தடிமன் என்ன, நிறம் என்ன, எதையெல்லாம் தாங்கும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்காததால், பின்னால் நின்றவர் கேட்டபோது அது புதுவிதப் பிடிவாதமாகத் தோன்றிற்று. “அண்ணா, ஐஸைத் தட்டிவிட்டு நிறுங்க” என்ற வேண்டுகோளுக்கு, “சார், அது மீனோட தண்ணி” என்ற விடை கிடைத்தது. மீனுக்குத் தன் மேனிக்கு வெளியே கட்டி கட்டியாகத் தண்ணீர் வைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு என்று எந்த மீனியல் நூலும் கூறவில்லை.

வற்புறுத்திக் கேட்பவருக்கு மீனை வாலைப் பிடித்து ஒருமுறை உதறும் வழக்கம் அக்கடையில் இருக்கிறது. அவ்வுதறல் எப்போதும் கேட்டவரின் சட்டையை நோக்கியே அமைவது தற்செயல் என்று நம்ப இக்கட்டுரையாசிரியர் இணங்கவில்லை. உதறிய பிறகும் தராசின் எண் மாறாதது எப்படி என்பது தனியே ஆராயத்தக்கது.